முரளி பார்த்த மூன்று கூட்டங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் காற்பந்து ஊர். சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது, லயத்தில் இருந்த பல குடும்பங்கள் தாமான் எனும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டன. ஆனாலும் சாயங்காலம் திடலில் உருளுவது காற்பந்துதான். கிரிக்கெட்டை நாங்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக்கடைத் திரையில் பார்க்கிறோம். உலகக் கிண்ணம் வந்தால், ஐபிஎல் வந்தால், தே தாரிக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு ஊர்க் கூட்டத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுவோம். சென்னை ரசிகனுக்கு ஆட்டம் தெரியும், எதிரணிக்கும் கைதட்டுவான். ஆஸ்திரேலியாவில் இனவெறி. கல்கத்தாவில் தோற்றால் தீ வைப்பான். பாகிஸ்தானில் கல் வரும். பள்ளிப் பையனிலிருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்வரை இதையேதான் சொல்கிறார்கள்.

இவை எதுவும் கட்டுக்கதை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையில் நடந்த சம்பவம் இருக்கிறது. ஆனால் சம்பவத்தை எடுத்து மண்ணின் குணம் என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று நம்மைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. அது எவ்வளவு தவறு என்பது நமக்குத் தெரியும். கிரிக்கெட் கூட்டங்களையும் அதே கவனத்தோடு பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முத்தையா முரளிதரனிடமிருந்து தொடங்கலாம். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதற்கு என்ன காரணமோ, அவர் கடல் தாண்டியதற்கும் அதே காரணம்தான். பேரன் டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட் எடுத்தார். உலகத்தில் வேறு யாரும் எடுக்காத எண்ணிக்கை. இந்த ஒரே மனிதரை மூன்று நாடுகள் மூன்று விதமாக நடத்தின.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். முரளி விதிக்கு மாறாக முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று சொல்லி நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை 'நோ பால்' (செல்லாத பந்து) கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மறுபடி கொடுத்தார். அதன் பிறகு ஆஸ்திரேலியத் திடல்களில் முரளி பந்துபோட வந்தாலே கூட்டத்திலிருந்து 'நோ பால்' என்று கூச்சல் எழுவது வழக்கமாகிவிட்டது. பிறவியிலிருந்தே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. பரிசோதனைக் கூடத்தில் எத்தனை முறை நிரூபித்தாலும் கூச்சல் ஓயவில்லை. 2004இல் அந்த நாட்டின் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிகிறவர் என்று பொதுமேடையில் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்திலிருந்து முரளி விலகிக்கொண்டார். பிரதமரே சொன்ன பிறகு, பீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ரசிகனை யார் தடுப்பது? எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் 15 டிகிரிவரை முழங்கை நீளலாம் என்ற விதி 2005இல் வந்தது. அதற்குள் பத்து வருடம் கேலியிலேயே போயிருந்தது.

2010 ஜூலை 22, இலங்கையின் காலி நகரம். முரளியின் கடைசி டெஸ்ட். ஆட்டத்துக்கு முன் 792 விக்கெட், எட்டு வேண்டும். கடைசியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 ஆனபோது திடலிலும் கோட்டை மதில்மேலும் இருந்தவர்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் தென்பகுதி ஊர், போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, கொண்டாடப்பட்டவர் ஒரு மலையகத் தமிழர். அந்தக் கைதட்டல் போரின் காயத்தை ஆற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே கைதட்டியவர்களின் அன்பு பொய்யானது என்றும் சொல்லமுடியாது.

மூன்றாவது, சென்னை. முரளி சென்னை மாப்பிள்ளை. ஐபிஎல் தொடங்கிய 2008இலிருந்து மூன்று பருவங்கள் சென்னை அணிக்கே ஆடியவர், சென்னைத் திடலான சேப்பாக்கம் அவரைத் தன் பிள்ளையாகவே பார்த்தது. 2013இல் அவர் பெங்களூர் அணியில் இருந்தார். ஈழத்தில் நடந்த கொடுமைகளுக்கு நியாயம் கேட்டு அந்த மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். இலங்கை வீரர்களோ நடுவர்களோ இல்லாவிட்டால்தான் சென்னையில் ஆட்டத்துக்கு அனுமதி என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார். ஐபிஎல் நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. சென்னை அணி சம்பளம் கொடுத்து வைத்திருந்த குலசேகராவும் தனஞ்சயாவும் சொந்தத் திடலில் ஆடமுடியவில்லை. முரளிக்கும் அதே தடைதான். அந்த மாணவர்களின் துயரம் உண்மையானது, நானும் அதில் பங்குகொண்டவன். அதனால்தான் இது உறுத்துகிறது: தமிழருக்காகப் போட்ட தடை ஒரு தோட்டத் தமிழரின் பேரன்மீதும் விழுந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மண்ணின் குணம் என்ற விளக்கம் எதற்கும் பொருந்தவில்லை. சென்னையில் கூட்டத்திடம் யாரும் கேட்கவே இல்லை. வாசல் திறப்பதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நடுவரும் பிரதமரும் கூட்டத்துக்கு வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்கள். விருந்தாளி எப்படி நடத்தப்படுகிறார் என்பதில் பாதி, அரங்கத்துக்கு வெளியே தீர்மானமாகிறது.

மீதிப் பாதி? அதற்குச் சேப்பாக்கத்தின் இன்னொரு நாளைப் பார்க்கவேண்டும். 1999 ஜனவரி 31. இந்தியா-பாகிஸ்தான் தொடரே நடக்கக்கூடாது என்று சிவசேனைக்காரர்கள் டெல்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். டெல்லியில் நடக்கவேண்டிய முதல் டெஸ்ட் அதனால்தான் சென்னைக்கு வந்தது. நாட்டின் மனநிலை அப்படி. இந்தியாவுக்கு 271 ரன் இலக்கு. முதுகுவலியோடு சச்சின் 136 எடுத்து அவுட் ஆனபோது 17 ரன்தான் பாக்கி. கடைசி மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன் வித்தியாசத்தில் பாகிஸ்தான் வென்றது. அழுதுகொண்டிருந்த அந்தக் கூட்டம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் ஆட்கள் திடலைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்த சக்லைன் முஷ்டாக்கும் அந்த வரிசையில் இருந்தார்.

வெளியே இருந்த அரசியல் முழுக்க எதிராக இருந்தும் இது நடந்திருக்கிறது. எப்படி என்றால், பழக்கம். 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியே அங்கேதான் வந்தது. பொங்கல் டெஸ்ட் என்று கட்டுச்சோறோடு ஐந்து நாளும் போய் உட்கார்ந்த குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. லீக் ஆட்டங்களை வருடம் முழுக்க ஓசியில் பார்த்தவர்கள் உண்டு. 1986 செப்டம்பர் வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 அடித்து மருத்துவமனைக்குப் போனதையும், அந்த ஆட்டம் சமனில் முடிந்ததையும் பார்த்த கண்கள் அவை. ஐந்து நாள் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் எதிரி என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, அவன் உழைப்பு தெரிய ஆரம்பிக்கும். 1997இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் அதே திடலில் 194 அடித்தபோதும் கைதட்டினார்கள். பிறவிப் பெருந்தன்மை என்று இதைச் சொல்வதைவிட, தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த பழக்கம் என்று சொல்வதுதான் அந்த ரசிகர்களுக்கு நாம் தரும் மரியாதை.

பழக்கம் என்றால் மாறவும் செய்யும். கராச்சியைப் பாருங்கள். 1989 நவம்பரில் அங்கே டெஸ்ட் நடந்தபோது ஓர் ஆள் திடலுக்குள் புகுந்து இந்தியத் தலைவர் ஸ்ரீகாந்தின் சட்டையைக் கிழித்தான். அடுத்த மாதம் அதே ஊரில் ஒருநாள் ஆட்டம் கூட்டத்தின் கலாட்டாவால் பாதியில் நின்றது. 2004 மார்ச்சில் அதே கராச்சியில் இந்தியா 349, பாகிஸ்தான் 344. கடைசி ஓவர்வரை போய்த் தோற்ற கூட்டம் எழுந்து நின்று இந்தியாவுக்குக் கைதட்டியது. அந்தப் பயணத்தில் பாகிஸ்தான் மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது சென்னைப் பையன் லட்சுமிபதி பாலாஜியை. ஷோயப் அக்தர் பந்தை அவர் சிக்சருக்குத் தூக்கியதும், எது நடந்தாலும் சிரித்ததும் அவர்களுக்குப் பிடித்துப்போய், அவர் பெயரில் பாட்டே கட்டிவிட்டார்கள்.

இடையில் கராச்சியின் மண் மாறவில்லை. 2004 ஜனவரியில் அன்றைய இந்தியப் பிரதமர் வாஜ்பாய் இஸ்லாமாபாத் போய்வந்திருந்தார். அணியை வழியனுப்பும்போது மனங்களையும் வென்று வாருங்கள் என்றார். ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு விசா கொடுத்தார்கள். வந்தவர்களிடம் டாக்சிக்காரர் காசு வாங்கவில்லை, கடைக்காரர் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கவில்லை என்று அப்போது செய்தி செய்தியாக வந்தது. பக்கத்து இருக்கையில் எதிரணியின் ஆள் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தால் வாயில் வருகிற வசவு பாதியில் நின்றுவிடும்.

இந்த இடத்தில் 2023 உலகக் கிண்ணத்தைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் அதிகம் வாதாடியது அதைப் பற்றித்தான். அக்டோபர் 10, ஹைதராபாத்: இலங்கைக்கு எதிராகப் பாகிஸ்தான் 345 என்ற இலக்கைத் துரத்திப் பிடித்தது. ரிஸ்வான் ஆட்டமிழக்காமல் 131. கூட்டம் பாகிஸ்தானுக்காக முழங்கியது, ராவல்பிண்டியில் ஆடுவதுபோல் இருந்தது என்று ரிஸ்வானே சொன்னார். நான்கு நாள் கழித்து அகமதாபாத்தில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம்: நாணயம் சுண்டும்போதே பாகிஸ்தான் தலைவர் பாபர் ஆசமுக்கு எதிராகக் கூச்சல், அவுட்டாகித் திரும்பும் ரிஸ்வானை நோக்கி மத முழக்கம். அக்டோபர் 23, சென்னை: ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் வீழ்த்த, கூட்டம் ஆப்கானியர்களைக் கொண்டாட, அவர்கள் திடலைச் சுற்றி வந்தார்கள்.

'பார்த்தீர்களா, ஊருக்கு ஊர் குணம் வேறு' என்றார்கள் பலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹைதராபாத்திலும் சென்னையிலும் பாகிஸ்தானுக்கு எதிரே நின்றது இந்தியா இல்லை. தன் அணி ஆடாத நாளில் தாராளமாக இருப்பது யாருக்கும் சுலபம். சோதனை என்பது தன் அணி தோற்கும் நாள். அந்தச் சோதனையில் 1999இல் சேப்பாக்கமும் 2004இல் கராச்சியும் தேறின. அகமதாபாத்தில் அன்று ஜெயித்ததே இந்தியாதான், அப்படியிருந்தும் அந்த முழக்கம் எழுந்தது. அதை நியாயப்படுத்த எதுவும் இல்லை. அப்போது தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் அதைக் கண்டித்தது சரி. ஆனால் காரணம் தேடுகிறவர் இதையும் பார்க்கவேண்டும்: ஒரு லட்சத்துக்கு மேல் கொள்ளும் அரங்கத்தில் பாகிஸ்தான் ரசிகர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. விசா கிடைக்கவில்லை. பத்திரிகையாளர்களுக்கே தாமதமாகத்தான் கிடைத்தது. எதிரே ஒரு முகமும் இல்லாத கூட்டத்துக்குத் தன் சத்தம் மட்டுமே காதில் விழும்.

கல்கத்தாவைப் பற்றிச் சுருக்கமாக. 1996 உலகக் கிண்ண அரையிறுதியில் 252 துரத்திய இந்தியா 120க்கு எட்டு விக்கெட் இழந்ததும் போத்தல்கள் பறந்தன, இருக்கைகளில் தீ எரிந்தது, ஆட்டம் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. வெட்கப்படவேண்டிய நாள்தான். ஆனால் அதே திடலில் 1967 புத்தாண்டு நாளில் நடந்த கலவரத்துக்குக் காரணம், இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றதும், உட்கார இடமில்லாமல் எல்லைக்கோட்டுக்கு வந்தவர்களைப் போலீஸ் அடித்ததும். 1960இல் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்த கலவரமும் நிரம்பி வழிந்த அரங்கத்தில்தான் வெடித்தது. ஆளைத் திட்டும் முன் வாசலில் எத்தனை பேரை விட்டார்கள் என்று கேட்கலாம்.

மலிவு டிக்கெட்காரர்கள்தான் மோசம் என்று நினைப்பவர்களுக்கு லண்டனின் லார்ட்ஸ் திடல் போதும். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் பேர்ஸ்டோ ஸ்டம்பிங் ஆனதும், உறுப்பினராகப் பல வருடம் காத்திருந்து, கோட்டும் டையும் போட்டு உட்கார்ந்திருக்கும் கனவான்கள், வீரர்கள் கடந்து போகும் லாங் ரூம் என்ற கூடத்துக்குள்ளேயே ஆஸ்திரேலிய வீரர்களை வசைபாடினார்கள். மூன்று உறுப்பினர்கள்மீது நடவடிக்கை எடுக்கவேண்டி வந்தது.

அப்புறம் ஆஸ்திரேலியா. 1961 பிப்ரவரியில் ஃபிராங்க் வோரலின் மேற்கிந்தியத் தீவு அணி தொடரைத் தோற்றுவிட்டுக் கிளம்பியபோது, மெல்பர்ன் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டு, திறந்த கார்களில் போன, பெரும்பாலும் கறுப்பினத்தவரான அந்த வீரர்களை வழியனுப்பினார்கள். வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியேற முடியாது என்ற கொள்கை நடப்பில் இருந்த காலம் அது. அறுபது வருடம் கழித்து, அந்தக் கொள்கை போய், தெருவெல்லாம் இந்தியக் குடும்பங்கள் வந்த பிறகு, 2021 ஜனவரி சிட்னியில் முகமது சிராஜை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். பயணத்தின் தொடக்கத்தில் தந்தையை இழந்தும் ஊர் திரும்பாமல் ஆடிக்கொண்டிருந்த பையன் அவர். சிராஜ் தலைவர் ரஹானேவிடம் சொன்னார், ஆட்டம் நின்றது. வேண்டுமானால் வெளியே போகலாம் என்று நடுவர்கள் சொன்னபோது, நாங்கள் ஆட வந்திருக்கிறோம் என்று மறுத்துவிட்டார்கள். சிட்னியில் இது புதிதல்ல என்று அன்று வெளிப்படையாகச் சொன்னவர் அஸ்வின். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு விஹாரியோடு நின்று அந்த ஆட்டத்தைக் காப்பாற்றியவரும் அவர்தான்.

வெள்ளைக்காரரான நியூசிலாந்து வீரர் ரிச்சர்ட் ஹாட்லியையும் எண்பதுகளில் ஆஸ்திரேலியக் கூட்டம் கெட்ட வார்த்தையில் கோஷம் போட்டுக் கேலி செய்தது. எல்லா ஏச்சும் இனவெறி ஆகிவிடாது. ஆட்டக்காரனைச் சீண்டுவது ஒன்று, அவன் பிறப்பைச் சொல்வது வேறு. முதலாவதை ஆட்டத்தின் பகுதி என்று விட்டுவிடலாம். இரண்டாவதை விடக்கூடாது. சிராஜ் செய்ததுபோல் அங்கேயே நிறுத்திச் சொல்வதுதான் வழி.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்த ஊர்க்காரர்கள் வந்தவர்களை நடத்தும் விதம். நம்மைப் போன்றவர்களின் கணக்கு கொஞ்சம் வேறு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ருரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் இறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் சந்ததி, நிறவெறிக் காலத்தில் தனி அடைப்புக்குள் உட்காரவைக்கப்பட்டது. அங்கிருந்து பலர் கைதட்டியது வெளிநாட்டு அணிக்கு. தங்களைச் சேர்க்காத அணியைத் தங்கள் அணி என்று எப்படிச் சொல்வது? 1992 நவம்பரில் அசாருதீனின் இந்திய அணி டர்பனில் இறங்கியபோது ஊர்வலமாக அழைத்துப் போனார்கள், அந்த டெஸ்டில் பிரவீன் ஆம்ரே முதல் ஆட்டத்திலேயே சதம் அடித்தார். டிரினிடாடில் 1976 ஏப்ரலில் இந்தியா 403 ரன்னைத் துரத்திப் பிடித்தபோதும் இந்திய வம்சாவளியினர் பலர் வந்த அணியின் பக்கம் நின்றார்கள். அதற்காக நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்ற பேச்சையும் அவர்கள் கேட்கவேண்டியிருந்தது. 1990இல் பிரிட்டன் அரசியல்வாதி நார்மன் டெபிட்டும் குடியேறியவர்களிடம் இதே பரிசோதனையைத்தான் வைத்தார்: யாருக்குக் கைதட்டுகிறாய், சொல்.

மலேசியாவில் அந்தக் கேள்வி பெரிதாக எழாததற்குக் காரணம், இங்கே கிரிக்கெட் சின்ன விளையாட்டு என்பதுதான். துரைமார் கிளப்பில் ஆடியதைத் தோட்டத்து மக்கள் வேலிக்கு வெளியேதான் பார்த்தார்கள். காற்பந்து எல்லோருக்கும் கிடைத்தது. ஆனாலும் பெரிய ஆட்டங்கள் இங்கேயும் நடந்திருக்கின்றன. 1997இல் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியான ஐசிசி கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடலில்கூட ஆட்டங்கள் இருந்தன. இறுதியில் கென்யாவின் ஸ்டீவ் டிக்கோலோ 147 அடித்தும் கடைசிப் பந்தில் பங்களாதேஷ் வென்றது. பார்க்கத் திரண்டிருந்தவர்கள் இங்கே கட்டடத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த பங்களாதேஷ் தொழிலாளர்கள். நம் நாட்டில் 'வங்காளதேசி' என்று தள்ளி வைத்துப் பேசப்படும் அந்த ஆட்களுக்கு அன்று ஒருநாள் இந்த ஊர் சொந்தத் திடலாக இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம். 2006இல் பூச்சோங் கின்ராராவில் சச்சின் மேற்கிந்தியருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 அடித்தும் இந்தியா தோற்றதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள்.

2025 ஜனவரி 21 அன்று கிள்ளான் பண்டமாரான் பாயுமாஸ் திடலில், 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் மலேசியா இந்தியாவோடு மோதியது. வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு 5 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, மலேசியா 31 ரன்னுக்குச் சுருண்டது. மூன்று ஓவருக்குள் இந்தியா முடித்துவிட்டது. இந்தியத் தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர் மதுரைப் பெண் கமலினி. எங்கள் ஊர்க் கடையில் அடுத்த நாள் கமலினியைப் பற்றிப் பேசினார்கள், வைஷ்ணவியைப் பற்றிப் பேசினார்கள். நம் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உலகின் சிறந்த அணிக்கு முன்னால் போய் நின்ற பிள்ளைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த அணிக்குக் கைதட்டுவது எப்படி என்று உலகம் முழுக்கத் தேடுகிறோம். நம்மிடம் அது தாராளமாக இருக்கிறது. சொந்த அணிக்குத் தட்டுவதில்தான் கை வரமாட்டேன் என்கிறது, அதற்கும் காரணம் மண் இல்லை, பார்த்துப் பழகாததுதான்.

அதனால் அடுத்த முறை மலேசிய அணி பாயுமாஸில் ஆடும்போது ஒரு வேன் பிடித்துப் போவது என்று கடையில் பேசியிருக்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பங்களாதேஷ், நேப்பாளத் தோழர்கள் சிலர் தங்களையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள். எதிரணி அவர்களுடையதாக இருந்தால் அவர்கள் அந்தப் பக்கம் தட்டுவார்கள், நாங்கள் இந்தப் பக்கம் தட்டுவோம். திரும்பி வரும் வழியில் பசியாறத் தாப்பாவில் நிறுத்துவது என்பதுவரை முடிவாகிவிட்டது.